ஒஸ்ரினுக்கு மஞ்சள் விளக்கு

அத்தியாயம் பதினான்கு

கலியாணம் மூன்றாம் தடவையும் தள்ளிப்போகுமா என்ற யோசனையோடு கிருசாந்தியைப் போன கிழமை குசினி வாசலில் நிற்க விட்டிருந்தோம். பாவம், அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். முற்றத்தில் ஒஸ்ரின் கார் பொனற்றைத் திறந்துகொண்டு நிற்கிறது. அதற்குள் தலையை விட்டபடி, கிளிநொச்சியிலிருந்து வந்த வயரிங்காரன் சுமன். வேப்பமரத்தடிக் கதிரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பா பரமலிங்கம்.

முதல் தடவை கலியாணம் நின்றது பரமலிங்கத்துக்குப் பாரிசவாதம் வந்தபோது. இரண்டாம் தடவை, அம்மா அன்னபாக்கியத்தின் சிறுநீரகம் கைவிட்டபோது. தொலைவில் தண்ணீரூற்று என்ற ஊரில் இருக்கும் மாப்பிள்ளை தர்சன் இரண்டு தடவையும் "பரவாயில்லை, பொறுப்பம்" என்றான். இந்த முறை அவனுடைய தாய் வாயைத் திறந்துவிட்டாள். ஆவணிக்குள் தாலி ஏற வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினாள். அவளிலும் பிழை சொல்ல முடியாது. எந்தத் தாய் தன் மகனை இப்படி வருடக்கணக்கில் காக்க வைப்பாள்?

இப்போது ஆடி. சோளகக் காற்று புழுதியை அள்ளி வீட்டுக்குள் கொட்டுகிறது.

கலியாணத்துக்கு இடைஞ்சலாக நிற்பது இந்தக் கார்தான். இன்னும் சரியாகச் சொன்னால், காரின் பின் ஜன்னலால் வெளியே நீளும் கிருசாந்தியின் வலது கை.

அந்தக் காலத்து ஒஸ்ரினுக்குத் திரும்பும்போது மின்னுகிற விளக்குக் கிடையாது. கதவுத் தூணிலிருந்து நிமிர்ந்து வரும் சின்னத் தகரக் கை ஒன்று இருந்ததாம். மீள்குடியேறிய பிறகு, சாவகச்சேரியில் கோழி அடைகிடந்த கொட்டிலிலிருந்து பரமலிங்கம் அந்தக் காரை இழுத்து வந்தபோதே அதுவும் போய்விட்டிருந்தது. அதனாலென்ன, தன் கையை வெளியே நீட்டித்தான் இத்தனை வருடமும் ஓடினார். பாரிசவாதத்திலிருந்து தேறிய பிறகு வலது கை ஸ்டியறிங்கைப் பிடிக்கும், ஆனால் ஜன்னல் அளவுக்கு எழும்பாது.

அன்றிலிருந்து கிருசாந்தி அவருக்கு நேர் பின்னால் இருக்கிறாள். வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தால் தன் கையை வெளியே நீட்டுகிறாள். ரோட்டை முன்னும் பின்னும் பார்த்து, "போங்கோ அப்பா" என்கிறாள். அவர் திருப்புகிறார். கிழமையில் இரண்டு நாள் அன்னபாக்கியத்தை இரத்தம் சுத்திகரிக்கக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது இப்படித்தான். அவள் படிப்பிக்கும் முன்பள்ளியில் அந்த இரண்டு நாளும் லீவு. "பரமலிங்கத்தாற்றை காருக்குப் பொம்பிளைக் கை முளைச்சிருக்கு" என்று ஸ்கந்தபுரம் சந்தையில் பகிடி விடுவார்கள்.

ஓட்டோவில் அனுப்பலாமே என்று சொன்னவர்களோடு பரமலிங்கம் பிறகு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மகன் சிவகரன் கடைசிச் சண்டையோடு சுவரில் படமாகிவிட்டான். வயலைக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று. மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவது ஒன்றுதான் அந்த மனிதனுக்கு மிஞ்சியிருக்கிற வேலை. அதையும் பறித்தால் ஆள் படுக்கையில் விழுந்துவிடும் என்று தாயும் மகளும் பயந்தார்கள். அந்தப் பயத்தில்தான் இவ்வளவு நாளும் ஓடியது.

தர்சன் ஒருநாள் அவர்களோடு அந்தக் காரில் வந்தான். வழி முழுக்க "போங்கோ அப்பா, போங்கோ அப்பா" என்று கிருசாந்தியைப் போலவே சொல்லிச் சிரித்தான். இறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

"காருக்குச் சிக்னல் லைட் பூட்டினா உன்ரை கை தேவையில்லைத்தானே, கிருசா?"

அடுத்த கிழமையே வவுனியாவில் மஞ்சள் விளக்குகளும் சுவிச்சும் அவற்றை மின்ன வைக்கும் பிளாஷரும் வாங்கிப் பஸ்ஸில் போட்டு அனுப்பினான். கலியாணத்துக்கு அவன் கொடுத்த முதல் பரிசு அதுதான்.

*

"ஐயா, இந்தக் காரிலை எல்லாம் தலைகீழ்" என்றான் சுமன், பொனற்றுக்குள்ளிருந்து. "இப்பத்தைய வாகனத்திலை பற்றரியின்ரை மைனஸ் பக்கத்தைத்தான் தகரத்தோடை தொடுக்கிறது. இதிலை பிளஸ்ஸைத் தொடுத்து வச்சிருக்கு."

"கார் சரியாத்தான் இருக்கு. நீங்கள்தான் பிறகு மாத்திப் போட்டியள்" என்றார் பரமலிங்கம் கதிரையிலிருந்து அசையாமல்.

சுமன் சிரித்தான். சிரித்தவன் கவனித்திருக்கலாம். பழக்கதோசத்தில் மற்ற வாகனங்களுக்குத் தொடுப்பதுபோலவே தர்சன் அனுப்பிய புதுப் பிளாஷரைத் தொடுத்துவிட்டான். அது ஒருதரம்கூட மின்னவில்லை. மெல்லிய கருகல் மணம் மட்டும் வந்தது.

அன்றைக்கு முதல் தடவையாகப் பரமலிங்கத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"என்ன, மாப்பிள்ளை அனுப்பின சாமான் அவ்வளவுதானோ?"

"அப்பா!" என்றாள் கிருசாந்தி.

"நான் ஒண்டும் சொல்லேல்லையே. கேட்டனான்."

சுமன் தன் ஆயுதப் பெட்டியைக் கிளறிப் பழைய லொறியொன்றில் கழற்றிய பிளாஷரை எடுத்தான். பால்மாப் பேணியின் குட்டி மாதிரி இருந்தது. "இதுக்குப் பிளஸ் மைனஸ் கணக்கில்லை ரீச்சர். சூடேறினா விடும், ஆறினாப் பிடிக்கும். இந்தக் கிழவிக்கு இந்தக் கிழவன்தான் சரி."

பழைய வயர்களின் துணிச்சுற்று தொட்டால் உதிர்ந்தது. அவற்றில் கை வைக்காமல், புது வயரைத் தனியாக இழுக்க வேண்டும் என்றான். அடிவிரிப்பைத் தூக்கி, ஓரத்தால் அதைப் பின்பக்கம்வரை இழுத்துக் கொடுத்தது கிருசாந்தி. முழங்காலில் நின்று, புழுதியும் எண்ணெயும் பூசிக்கொண்டு இழுக்கும்போது அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. உடனேயே வெட்கமாகவும் இருந்தது. அம்மாவையும் அப்பாவையும் விட்டுப் போவதற்கான வழியை அவர்களின் காலடியிலேயே போட்டுக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தாள். கண் கலங்கியதைப் புழுதிமேல் சாட்டினாள்.

சுவிச்சைச் சுமன் ஸ்டியறிங்கின் இடப்பக்கம் பூட்டினான். எழும்பாத கைக்கு வேலை வைக்கக் கூடாதல்லவா. பிறகு உள்ளே இருந்துகொண்டு கூப்பிட்டான்.

"ஐயா, ஒருக்காப் பின்னாலை போய் நிண்டு பாருங்கோ. இடப்பக்கம் மின்னுதோ?"

பரமலிங்கம் வேண்டாவெறுப்பாக எழுந்து போனார். "மின்னுது."

"இப்ப வலப்பக்கம்?"

"மின்னுது, மின்னுது."

தேத்தண்ணியோடு வந்த கிருசாந்தி நின்றுவிட்டாள். வலப்பக்க விளக்கு கறுப்பாகக் கிடந்தது. சுமனும் அதற்குள் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஐயா, அந்தப் பக்கத்துப் பல்ப்பு இன்னும் என்ரை பொக்கற்றுக்கை கிடக்கு! எப்பிடி மின்னினது?"

"நீ உன்ரை வேலையைப் பார். நான் என்ன உனக்கு எடுபிடியே?" என்று பரமலிங்கம் சீறிக்கொண்டு கதிரைக்குத் திரும்பிவிட்டார்.

மனிதனுக்கு இந்த விளக்கே பிடிக்கவில்லை, பார்க்காமலே சொல்லிவிட்டார் என்று கிருசாந்தி நினைத்தாள். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த அன்னபாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை.

பல்ப்பைப் போட்டதும் நாலு விளக்கும் ஒழுங்காக மின்னின. உள்ளே பிளாஷர் டிக், டிக் என்றது. சுமன் போகும்போது, "இனி ரீச்சர் கையை உள்ளுக்கை வச்சுக்கொண்டு போகலாம்" என்றான்.

*

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு சின்ன விசயம். பரமலிங்கம் சோற்றுக் கோப்பையில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுக் கையை எடுத்தார். வலப்பக்கத்தில் சோறும் கத்தரிக்காய்க் கறியும் தொடாமல் கிடந்தன. அன்னபாக்கியம் கோப்பையை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தாள். அவர் மிச்சத்தையும் சாப்பிட்டார். கொஞ்சக் காலமாக நடப்பதுதான். ஊட்டிவிடாத குறையாக அம்மா அப்பாவைப் பார்க்கிறா என்று கிருசாந்தி உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

புறப்படும்போது அவள் வழக்கமான இடத்துக்குப் போகாமல், அம்மாவுக்குப் பின்னால், இடப்பக்கம் ஏறினாள்.

"பிள்ளை, பழகின இடத்திலையே இரன்" என்றாள் அன்னபாக்கியம்.

"இனி ஏனம்மா? லைட் இருக்குத்தானே."

"அவள் விரும்பின இடத்திலை இருக்கட்டும். காருக்கு இனிச் சொந்தக் கை இருக்கு" என்றார் பரமலிங்கம். காலையில் இருந்த கோபம் போய்விட்டிருந்தது. ஸ்டியறிங்கைப் பிடித்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

படலையைத் தாண்டும்போது வலப்பக்க மட்கார்ட் கப்புத் தூணில் உரசிச் சத்தம் போட்டது. கப்பு சரிந்துபோய் நிற்கிறது, நாளைக்குப் பிடுங்கி நடவேணும் என்றார். அந்தக் கப்பில் ஏற்கெனவே மூன்று நாலு காயம் இருந்தது.

முறிகண்டியில் கண்டி வீதிக்கு ஏறுவது இடப்பக்கத் திருப்பம். சுவிச்சைத் தட்டினார். டிக், டிக். பார்த்து, திருப்பி, சுவிச்சை நிமிர்த்தினார். எல்லாம் அழகாக நடந்தது. கண்ணாடியில் மகளைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தார். கிருசாந்திக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. போனை எடுத்துத் தர்சனுக்கு "நல்லா ஓடுறார்" என்று அனுப்பினாள். இருபத்தொன்பது வயதுக்காரி, பதினெட்டு வயதுக்காரி மாதிரி ஜன்னல் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். அந்தச் சந்தோசத்தைப் பார்த்தவர்கள் கொஞ்ச நேரமாவது அவளை அப்படியே இருக்க விடும்படி கும்பிட்டிருப்பார்கள்.

*

இரத்தம் சுத்திகரித்து முடிந்து அன்னபாக்கியம் வெளியே வரும்போது வெயில் சரிந்துவிட்டது. இப்படியான நாட்களில் அவள் முகத்தில் இரத்தமே இருக்காது. பரமலிங்கம் கதவைத் திறந்து, இடது கையால் அவளைத் தாங்கி ஏற்றினார்.

"மெல்ல ஏறும் அன்னம். தலை இடிபடும்."

முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்பதுபோல ஒஸ்ரினும் நின்றது. புது விளக்குக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்று பரமலிங்கமே சொன்னார். கிருசாந்திதான் உடைத்தாள். நேராக இரண்டாகப் பிளந்தது. கச்சான் கடலைச் சுருள் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து பழையபடி இடப்பக்கத்தில் ஏறினாள். அன்னபாக்கியம் ஏதோ சொல்ல வாயெடுத்து, களைப்பில் கண்ணை மூடிக்கொண்டாள்.

இனித்தான் வலப்பக்கத் திருப்பம். கண்டி வீதியைக் குறுக்கே வெட்டி அக்கராயன் ரோட்டுக்கு இறங்க வேண்டும்.

பரமலிங்கம் சுவிச்சைத் தட்டினார். டிக், டிக். வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த வான்காரன் மஞ்சள் விளக்கைக் கண்டு மரியாதையாக ஒதுங்கி நின்றான். விளக்கு தன் வேலையைச் செய்தது.

மாங்குளம் பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டி வந்துகொண்டிருந்தது. சிவப்பு ஹெல்மெற் போட்ட ஒரு பெண், காலடியில் மிளகாய்ச் சாக்கு. வெட்டவெளி ரோட்டில் தூரத்திலேயே தெரிந்தது. அப்பா அது போகும்வரை நிற்பார் என்று கிருசாந்தி கச்சான் கோதை உடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் நிற்கவில்லை. திருப்பினார்.

"அப்பா! நில்லுங்கோ! அப்பா!"

பிரேக் கத்தியது. ஸ்கூட்டி ஒஸ்ரினின் மூக்கை உரசாத குறையாக விலகி, ரோட்டோர மணலில் இழுபட்டு விழுந்தது. சாக்கு அவிழ்ந்து பச்சை மிளகாய் தார் முழுக்கக் கொட்டியது. பெண் எழுந்துவிட்டாள். முழங்கையில் தோல் போயிருந்தது, வேறு ஒன்றுமில்லை. நேரே பரமலிங்கத்தின் ஜன்னலடிக்கு வந்து கதவைப் பிடித்தாள்.

பரமலிங்கம் தலையை இடப்பக்கம் திருப்பி மகளைப் பார்த்தார். அவருடைய முகத்தில் வெறும் ஆச்சரியம்தான்.

"ஏன் பிள்ளை கத்தினனீ? ரோட்டிலை ஒருத்தருமில்லையே?"

அந்தப் பெண் அவர் வலது தோளிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன, ஒருத்தருமில்லையோ? சிக்னலைப் போட்டுட்டாச் சரியோ ஐயா? ஆளைப் பாக்க வேண்டாமே?"

குரல் வந்த பிறகுதான் அவர் அந்தப் பக்கம் திரும்பினார். மெல்ல மெல்ல, கழுத்து முழுவதும் திரும்பி, சிவப்பு ஹெல்மெற் கண்ணில் பட்டதும் திடுக்கிட்டுப் பின்னுக்குச் சாய்ந்தார்.

கிருசாந்தி கச்சானை இருக்கையில் போட்டுவிட்டு இறங்கிப்போய் அந்தப் பெண்ணிடம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவினாள். பரமலிங்கமும் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார். குந்தியிருந்து, கொட்டின மிளகாயைச் சாக்குக்குள் பொறுக்கிப் போட்டார். கவனமாக, ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு எழுந்து கையைத் தட்டினார்.

"சரி தங்கச்சி, எல்லாம் பொறுக்கியாச்சு."

அவருக்கு இடப்பக்கத்தில் ரோட்டில் ஒரு மிளகாய்கூட இல்லை. வலப்பக்கத்தில் அப்படியே பச்சையாகக் கிடந்தது.

அந்தப் பெண் மிளகாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டு, மிச்சத்தைத் தானே பொறுக்கத் தொடங்கினாள்.

கிருசாந்திக்கு எல்லாம் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தது. திருப்பி வைத்த சோற்றுக் கோப்பை. படலைக் கப்பிலிருந்த காயங்கள். சுமனின் பொக்கற்றுக்குள் கிடந்தபடியே மின்னிய பல்ப்பு. இவ்வளவு காலமும் தன் கையை மட்டுமே கொடுத்தோம் என்று நினைத்திருந்தாள். அப்பா ஓடியது அவளுடைய கண்ணால். "போங்கோ அப்பா" என்ற சொல் இல்லாவிட்டால் அவருக்கு உலகத்தில் வலப்பக்கமே இல்லை.

காரின் முன் ஜன்னலடிக்குப் போனாள்.

"அம்மா, உங்களுக்குத் தெரியும். என்ன?"

அன்னபாக்கியம் கண்ணைத் திறக்கவில்லை. "ஆஸ்பத்திரியிலை துண்டு வெட்டி வீட்டை விடேக்கையே டொக்டர் சொன்னவர். கை கொஞ்சம் தேறும், ரெண்டு கண்ணிலையும் வலப்பக்கத்துப் பார்வை திரும்பாதெண்டு. கார் ஓட விட வேண்டாமெண்டும் சொன்னவர்."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"முதல் நீ பின்னாலை இருந்தாய், பயமில்லை. பிறகு தர்சன் லைட் அனுப்பினான். அதுக்குப் பிறகு சொன்னா நீ கலியாணம் கட்டிப் போவியே?"

"நான் போன பிறகு நீங்கள் இவரோடை தனிய ஏறிப் போயிருப்பியளோ?"

"எனக்கு இனி என்ன பிள்ளை? மிசினிலை ஓடுற உயிர். அதுக்காக நீ ஏன் கிடந்து வயசு போகவேணும்?"

"ரோட்டிலை வாற சனம்?"

அன்னபாக்கியத்தின் மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்தது. மகள் வாழவேண்டும் என்று தாய் இவ்வளவு பெரிய பொய்யை மடியில் வைத்துக்கொண்டு இந்த ரோட்டில் போய் வந்திருக்கிறாள். கிருசாந்திக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, போட்டு உலுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

பரமலிங்கம் வந்து தன் இடத்தில் ஏறினார். சாவியைத் திருப்பவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி சொன்னார்.

"பிள்ளை, எனக்குப் பின்னாலை வந்து இரு."

"லைட் இருக்குத்தானே அப்பா." வேண்டுமென்றுதான் சொன்னாள். அவர் வாயால் கேட்க வேண்டும்போல இருந்தது.

"இருக்கு" என்றார் பரமலிங்கம். கழுத்துப் பட்டியில் வியர்வை ஊறிக்கிடந்தது.

அவருக்கும் தெரியும்.

இருட்டுவதற்குள் அம்மாவை வீட்டில் படுக்க வைக்க வேண்டும். வேறு ஓடத் தெரிந்தவர் யாருமில்லை. இன்றைக்கு மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிருசாந்தி சுற்றிப் போய் வலப்பக்கத்தில் ஏறினாள். ஜன்னலை இறக்கினாள். அவர் சுவிச்சைத் தட்டினார். டிக், டிக். மஞ்சள் விளக்கு மின்னிக்கொண்டிருக்க, அதற்குமேல் அவளுடைய கையும் வெளியே நீண்டது.

எதிரே வரிசையாக வாகனங்கள். காத்திருந்தபோது போன் அடித்தது. இடது கையால் எடுத்தாள்.

"என்ன கிருசா, சத்தத்தையே காணேல்லை. லைட் எரியுதோ?" தர்சனின் குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"ஓம்... நல்லா எரியுது. ரெண்டு பக்கமும்."

"அப்ப ஆவணியிலை முதல் முகூர்த்தத்தையே வைக்கச் சொல்லி அம்மாட்டைச் சொல்லட்டே? இஞ்சை பக்கத்திலைதான் இருக்கிறா. நீ ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

கடைசி லொறி கடந்து போனது. கிருசாந்தி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ரோடு வெறுமையாகக் கிடந்தது. முன்னால் அப்பாவின் நரைத்த பிடரி அசையாமல் அவளுடைய குரலுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"போங்கோ அப்பா" என்றாள்.

கார் திரும்பியது. காதோடு ஒட்டிக்கிடந்த போனில் சத்தமே இல்லை. தர்சன் வைத்துவிடவில்லை. மூச்சு விடுவது கேட்டது. ஒருநாள் வழி முழுக்கத் தானே சொல்லிச் சிரித்த அந்த இரண்டு சொல்லை அவன் மறந்திருக்க மாட்டான்.